சம்பளம் யாரு கையில குடுத்தாங்க?

என் அம்மிச்சிக்கு இந்தியில் மொத்தமே மூன்று வார்த்தைகள்தான் தெரியும். ‘அச்சா’, ‘நஹி’, அப்புறம் ‘மீனாகுமாரி’. மூன்றாவது ஒரு நடிகையோட பேருங்க அம்மிச்சி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “எல்லாம் இந்திதான போ கண்ணு” என்று முடித்துவிடுவார்.

அம்மிச்சிக்கு 87 வயசு. பதினாறு வயசில் திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் வேலைக்குப் போனவர். கல்யாணமாகி, மூன்று பிள்ளை பெற்று, வேலையை விடும்வரை நூலோடு நூலாகவே வாழ்ந்தவர். இன்றைக்கும் சட்டையில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால், அது என்ன நம்பர் நூல் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வார். பேரன் பெயரை மட்டும் ரெண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவைதான் சரியாகக் கூப்பிடுவார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கறிச்சோறு ஆன பிறகு, தூக்கம் வருமா வராதா என்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ‘ஆஸாத்’ என்று ஒரு பழைய இந்திப் படம் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளை, 1955-ல் வந்தது. திலீப்குமார், மீனாகுமாரி. டைட்டிலில் ‘பட்சிராஜா’ என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இது நம்ம ஊர் படமாச்சே!

“அம்மிச்சி, இங்க வாங்க. மீனாகுமாரி!”

தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செல்போனை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்:

“இவளைப் பார்க்கத்தான் கண்ணு அன்னிக்கு நாங்க ஏழு பேரு புளியகுளத்துல போயி நின்னம்.”

நம்ம ஊர் ஸ்டூடியோ

இந்தக் காலத்துப் பையன்களிடம் கோயமுத்தூர் ஒரு காலத்தில் சினிமா ஊர் என்று சொன்னால், “ஆமாங்க, தியேட்டர் நிறைய இருக்குங்க” என்பார்கள். தியேட்டர் இல்லீங்க, ஸ்டூடியோ! சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) உருவானது அங்கேதான். புளியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோ. அதன் முதலாளி எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. தயாரிப்பாளரும் அவரே, டைரக்டரும் அவரே. இன்று இரண்டு ஸ்டூடியோவும் இல்லை.

1954-ல் நாயுடு ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. வசனம் கலைஞர் கருணாநிதி. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நாயுடு சும்மா இருக்கவில்லை. ஒரே மாவை இட்லி, தோசை, பணியாரம் என்று ஊற்றுகிற நம்ம ஊர் சாமர்த்தியம்! அந்தக் கதை தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஆறு மொழிகளில் படமானது. இந்தியில் வந்ததுதான் ‘ஆஸாத்’. எம்.ஜி.ஆர். வேஷத்தில் திலீப்குமார், பானுமதி இடத்தில் மீனாகுமாரி.

பம்பாய் நட்சத்திரங்கள் கோயமுத்தூருக்கு வந்து இறங்கினார்கள். நாயுடு வேகமான ஆள். பாட்டுகளை ஒரு மாசத்துக்குள் முடித்துத் தர முடியுமா என்று நௌஷாத்தைக் கேட்டாராம். அவர் முடியாது என்று சொல்ல, சி.ராம்சந்திரா மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டார். அத்தனையும் ஹிட். அந்தப் படத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடுகிற துள்ளல் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகிறவர்கள் சாயி-சுப்புலட்சுமி, நம்ம பக்கத்து நடனக்காரிகள்தான்.

திலீப்குமார் இந்தப் படத்துக்கு வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. வரிசையாகச் சோகப் படங்களில் நடித்து நடித்து, நிஜத்திலும் மனசு இருண்டுபோய் டாக்டரிடம் போனார். “லேசான வேஷங்களில் நடியுங்கள்” என்று ஆலோசனை வந்தது. மாத்திரைக்குப் பதிலாக மலைக்கள்ளன்! கோயமுத்தூர் அவருக்கு ஒத்துக்கொண்டது. அந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது.

“சரி, அந்தப் புள்ளைக்கு?” என்றார் அம்மிச்சி.

அந்தப் புள்ளைக்கு யாரும் அப்படி ஒரு சீட்டு எழுதித் தரவில்லை.

முக்காடு தரிசனம்

அம்மிச்சி கதைக்கு வருவோம். அப்போது அவருக்குப் பதினேழு வயசு. ஷிஃப்ட் முடிந்து ஏழு பெண்கள், தலையில் பஞ்சு ஒட்டியபடியே, ராமநாதபுரத்திலிருந்து புளியகுளத்துக்கு நடந்து போயிருக்கிறார்கள். ஸ்டூடியோ கேட்டில் கூர்க்கா விரட்ட, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி வந்து நின்று, மறுபடி விரட்ட... சாயங்காலம் ஒரு கார் வெளியே வந்தது.

“பார்த்தீங்களா அம்மிச்சி?”

“ஒரு முக்காடு போச்சு கண்ணு. அவதான் மீனாகுமாரின்னு கூட வந்தவ சொன்னா. அந்த முக்காட்டைப் பார்த்துட்டு ஊட்டுக்குப் போயி அடி வாங்குனது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது.”

அந்த முக்காட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அன்று இருபத்தொரு வயசுதான். அதற்குள் ஃபிலிம்ஃபேர் விருது தொடங்கிய முதல் வருஷமே ‘பைஜு பாவ்ரா’வுக்காகச் சிறந்த நடிகை விருது வாங்கியிருந்தார். அடுத்த வருஷம் ‘பரிணீதா’வுக்காக மறுபடியும். ‘ஆஸாத்’தில் அவர் சிரிக்கிறார், கண்ணை உருட்டுகிறார், கோபித்துக்கொள்கிறார், ஆடுகிறார். பின்னாளில் ‘சோக ராணி’ என்று பட்டம் வாங்கப்போகிறவர் இவர்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

நான் ஒரு விஷயத்தை அம்மிச்சிக்குக் காட்டினேன். “இடது கையைக் கவனிங்க.”

1951-ல் ஒரு கார் விபத்தில் மீனாகுமாரியின் இடது கை சுண்டுவிரல் சிதைந்துபோனது. அதன் பிறகு நடித்த படங்களில் அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள்ளோ சேலைத் தலைப்புக்குள்ளோ ஒளித்துக்கொண்டே நடித்தார். பல வருஷம் ரசிகர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதையே ஒரு அழகான ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். சொல்லியிருக்கவே கூடாது. அதற்கப்புறம் அம்மிச்சி படமே பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தார். “இப்ப மறைச்சுட்டா... இப்பவும் மறைச்சுட்டா... கெட்டிக்காரி!”

படம் முடிந்ததும் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

“ஏங்கண்ணு, இத்தனை சம்பாரிச்சாளே... சம்பளம் யாரு கையில குடுத்தாங்க?”

நான் ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். பற்று வரவு எழுதியே பாதி முடி கொட்டிவிட்டது. மீனாகுமாரி பற்றிப் படித்த கட்டுரைகளில் காதல் படித்திருக்கிறேன், கண்ணீர் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறு வயசில் முதல் சம்பளம்

மீனாகுமாரியின் நிஜப் பெயர் மஹ்ஜபீன் பானு. 1933 ஆகஸ்ட் 1-ல் பம்பாயில் பிறந்தவர். அப்பா அலி பக்ஷ், ஹார்மோனியம் வாசிக்கிற நாடகக்காரர். அம்மா இக்பால் பேகமும் மேடை நடிகை. வீட்டில் வறுமை. பிறந்தது இரண்டாவதும் பெண் என்றதும், பச்சைக் குழந்தையை அனாதை இல்லத்து வாசலில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் அப்பா திரும்ப ஓடிப்போய் எடுத்து வந்தார் என்று ஒரு கதை உண்டு.

திரும்ப எடுத்து வந்த அந்தக் குழந்தைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. டைரக்டர் விஜய் பட்டின் ‘லெதர்ஃபேஸ்’ 1939-ல் வந்தபோது வயசு ஆறு. முதல் சம்பளம் 25 ரூபாய் என்பார்கள். ‘பேபி மீனா’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்கூலுக்குப் போக ஆசைப்பட்ட பெண்ணை ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். அந்த 25 ரூபாயை வாங்கிக்கொண்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயசுக் குழந்தை சம்பளத்தை எண்ணியா வாங்கும்?

சரி, வளர்ந்த பிறகாவது?

1952 பிப்ரவரி 14-ல், பதினெட்டு வயசில், ‘மஹல்’ படத்தை எடுத்த கமால் அம்ரோஹியை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு முப்பத்துநாலு வயசு. ஏற்கெனவே மனைவி, குழந்தைகள் இருந்தவர். அடுத்த வருஷம் விஷயம் வெளியே வந்து, அப்பாவோடு தகராறாகி, மீனா அப்பா வீட்டைவிட்டுக் கணவர் வீட்டுக்குப் போனார். வீடு மாறியது. கவர் போய்ச் சேருகிற கை மாறியது. கவர் மட்டும் இவர் கைக்கு வரவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மேக்கப் அறைக்குள் மேக்கப்மேன் தவிர வேறு ஆண்கள் வரக்கூடாது, தன் காரில்தான் போக வேண்டும், வர வேண்டும் என்றெல்லாம் கணவர் நிபந்தனை போட்டதாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்டூடியோவில் கண்காணிக்கக் கணவரின் உதவியாளர் வேறு. நம்ம ஆபீஸ் மேனேஜர்கள் எல்லாம் தெய்வம் என்று தோன்றுகிறதா?

அப்படியென்றால், கோயமுத்தூரில் அந்தக் காருக்குள் போனது இப்போதுதான் ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு மாறிய பறவை. கேமரா முன்னால் மட்டும்தான் அதற்கு இறக்கை.

இந்தி சாவித்திரி

மீனாகுமாரியின் சினிமா வாழ்க்கையில் தமிழ்நாட்டுக்கு இருக்கிற பங்கு நமக்கே அதிகம் தெரியாது. நம்ம ‘மிஸ்ஸியம்மா’ ஏவி.எம். தயாரிப்பில் 1957-ல் ‘மிஸ் மேரி’யாகப் போனபோது, சாவித்திரி வேஷம் மீனாகுமாரிக்கு. ஜோடி அதே ஜெமினி கணேசன்! ‘களத்தூர் கண்ணம்மா’ 1962-ல் இந்திக்குப் போனபோதும் சாவித்திரி வேஷம் இவருக்குத்தான். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1963-ல் ‘தில் ஏக் மந்திர்’ ஆனபோது தேவிகா வேஷம். ஸ்ரீதரே டைரக்ட் செய்தார்.

1963 ஃபிலிம்ஃபேர் விருதில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். சிறந்த நடிகை போட்டியில் மூன்று பெயர். மூன்றும் மீனாகுமாரி! ‘ஆர்த்தி’, நம்ம களத்தூர் கண்ணம்மாவின் இந்தியான ‘மை சுப் ரஹூங்கி’, ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’. ஓட்டப்பந்தயத்தில் ஒரே ஆள் மூன்று டிராக்கிலும் ஓடிய மாதிரி. ஜெயித்தது மூன்றாவது படம். குருதத் தயாரித்தது. வீட்டுக்கு வராத ஜமீன்தார் புருஷனைப் பிடித்து வைத்துக்கொள்ள, அவன் கேட்டதற்காகக் குடிக்கத் தொடங்கி, குடியிலேயே அழிகிற சின்ன மருமகள் வேஷம். அதே படத்தில் இன்னொரு கதாநாயகி நம்ம செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான்.

படத்தில் நடந்தது வாழ்க்கையிலும் நடந்தது. தூக்கம் வராத வியாதிக்கு டாக்டர் சொன்ன கொஞ்சம் பிராந்தியில் ஆரம்பித்தது என்பார்கள். 1964-ல் கணவர் வீட்டைவிட்டு வெளியேறினார். அதற்கப்புறம் ‘காஜல்’, நாலாவது ஃபிலிம்ஃபேர் விருது, ‘ஃபூல் அவுர் பத்தர்’ என்று படங்கள் ஓடின. கல்லீரலும் கெட்டுக்கொண்டே வந்தது.

நம்ம சாவித்திரியும் 1981-ல் இதே ரூட்டில் போய்ச் சேர்ந்தார். ஒரே வேஷங்களில் நடித்த இரண்டு பேர். இரண்டு பேருமே கோடிக்கணக்கான ஜனங்களை அழவைத்தவர்கள். சம்பாதித்தது எங்கே போனது என்று இரண்டு பேர் விஷயத்திலும் ஊர் பேசிக்கொண்டிருந்தது. ‘குடி கெடுத்தது’ என்று முடித்துவிடுவது சுலபம். குடிக்கு முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஒரு தங்கக் காசு

கமால் அம்ரோஹியை வில்லனாக மட்டும் எழுதி முடித்துவிடவும் முடியாது. மீனாகுமாரிக்காகவே அவர் கனவு கண்ட படம் ‘பாகீஸா’. 1950-களில் தொடங்கியது. இருவரும் பிரிந்ததும் பாதியில் நின்றது. இசையமைத்த குலாம் முகமது 1968-ல் இறந்தார். கேமராமேன் ஜோசஃப் விர்ஷிங் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். சுனில்தத்தும் நர்கிஸும் எடுத்துச் சொல்லி, 1969-ல் மறுபடி ஷூட்டிங்.

மீனாகுமாரி அதற்கு வாங்கிக்கொண்ட சம்பளம் ஒரே ஒரு தங்கக் காசு என்பார்கள். நிற்க முடியாத உடம்போடு வந்து நடித்துக் கொடுத்தார். ஆட முடியாத இடங்களில் பத்மா கன்னா முக்காடு போட்டுக்கொண்டு அவருக்காக ஆடினார். 1972 பிப்ரவரி 4-ல் படம் ரிலீஸ். மார்ச் 31, புனித வெள்ளியன்று மீனாகுமாரி இறந்தார். வயசு முப்பத்தெட்டு. அதன் பிறகு படத்துக்கு ஜனம் அலைமோதியது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டப் பணம் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1993-ல் இறந்த கமால் அம்ரோஹியும் பம்பாயில் அவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

மீனாகுமாரி தன் இஷ்டத்துக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டார். கவிதை. ‘நாஸ்’ என்ற பெயரில் உருதுவில் எழுதினார். அவரே வாசித்து ஒரு இசைத்தட்டும் வந்தது. எழுதிய நோட்டுகளைக் குல்ஸாரிடம் விட்டுவிட்டுப் போனார். அவர்தான் பிறகு புத்தகமாகப் போட்டார். யாரும் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போகாத சொத்து அது ஒன்றுதான்.

கவரின் கனம்

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அம்மிச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“எங்களுக்கும் சம்பளம் கவர்லதான் வரும் கண்ணு. எங்கய்யன் மில்லு கேட்டுல நிப்பாரு. அப்படியே வாங்கிக்குவாரு. கல்யாணமான பொறவு உங்கப்புச்சி நின்னாரு. எனக்குக் கவரோட கனம் தெரியும். உள்ள எத்தனைன்னு தெரியாது.”

“ஒரு தடவைகூடப் பிரிச்சுப் பார்க்கலீங்களா?”

“ஒருக்கா பார்த்தேன். எண்ணிக்கிட்டிருக்கறப்பவே அய்யன் வந்துட்டாரு.” சிரித்தார். “பாதிவரைக்கும் எண்ணுனேன்.”

அப்புச்சி நல்ல மனுஷர். குடித்தவர் இல்லை, அடித்தவர் இல்லை. அந்தக் கவர்களில்தான் எங்கம்மா படித்தார், வீடு கட்டினார்கள். எல்லாம் சரி. ஆனாலும் அம்மிச்சி முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்து, பாதிதான் எண்ணியிருக்கிறார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். தினமும் காலையில் ரயிலைப் பிடித்து ஓடுகிறாள். சம்பளம் பேங்க்கில் விழுந்தால் எஸ்.எம்.எஸ். வருவது என் நம்பருக்கு. கல்யாணமான புதிதில் நான்தான் அப்படி மாற்றிக் கொடுத்தேன். அவளுடைய ஏ.டி.எம். கார்டு என் பர்ஸில், என் கார்டுக்குப் பின்னால் இருக்கிறது. ‘வீட்டுக் கடன் ஒரே இடத்திலிருந்து போனால் கணக்குச் சுலபம்’ என்று காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம்தான். மில் கேட்டில் நின்றவர்களிடமும் நல்ல காரணம் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை. அவள் டிஃபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“ஏனுங்க, எதாச்சும் வாங்கோணுமா?” என்றாள்.

“இல்ல அம்மிணி. உன்னோடதுதான. நீயே வெச்சுக்க. எஸ்.எம்.எஸ்.ஸும் இனி உன் நம்பருக்கே வர்ற மாதிரி பேங்க்ல எழுதிக் குடுத்துரலாம்.”

ஒரு நிமிஷம் கார்டையே பார்த்தாள். சந்தோஷப்படுவாள், கண் கலங்குவாள் என்று சினிமாத்தனமாக எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அதுசரி,” என்றாள், “பின் நம்பர் என்னங்க?”

அவளுடைய கார்டின் நம்பரை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போனாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மிச்சி என்னைப் பார்த்து, தன் இந்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:

“அச்சா!”